சோழகமும் வாடையும்: கொழும்பு நகர்க் காற்றின் வரலாறு

2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 9ஆந் திகதி இலங்கையிற் பாடசாலைகள் மூடப்பட்டன. வெள்ளமோ வேலைநிறுத்தமோ கொள்ளைநோயோ அதற்குக் காரணமன்று. காற்றுக் கெட்டுவிட்டதென்பதே கூறப்பட்ட காரணம். வங்காள விரிகுடாவில் மாண்டஸ் என்னுஞ் சூறாவளி சுழன்றுகொண்டிருந்தது. இந்தியப் பெருநிலப்பரப்பின் புகையையும் தூசியையும் அது நமது தீவின்மேல் இழுத்து வந்தது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பட்டப்பகலிலே வானம் மங்கிக் கிடந்தது. வடக்கிலும் கிழக்கிலும் கடுங்குளிராற் கால்நடைகள் நூற்றுக்கணக்கில் மடிந்தன. ஓரிரு நாட்களிற் காற்றுத் திசைமாறியது, பாடசாலைகள் திறக்கப்பட்டன, பேச்சும் ஓய்ந்தது.

அந்நாட்களிற் பலரும் கூறிய விளக்கம் எளிமையானது: நஞ்சு வெளியிலிருந்து வந்தது, காற்றுக் கொண்டுவந்தது, காற்றே கொண்டுபோயிற்று. இவ்விளக்கத்திற் பொய்யில்லை. ஆயின் இது பாதிக் கதை. கொழும்பு போன்றதொரு கரையோர நகரின் காற்றை நிலவமைப்பும் பருவமும் ஆளுகின்றன என்பது உண்மை. அக்காற்றிலே புகையைக் கலந்தவர் யார், அப்புகை எவர் வீட்டு வாசலிற் படியும்படி நகரம் கட்டப்பட்டது என்னும் வினாக்களுக்குப் புவியியல் நூலில் விடை கிடைக்காது. அவற்றுக்கு விடை தேட நூற்றைம்பது ஆண்டு கால வரலாற்றை நாம் புரட்டவேண்டியிருக்கிறது.

முதலிற் காற்றைப் பற்றிச் சிறிது கூறுவோம். ஏனெனில் காற்றின் தொழிலை விளங்கிக்கொள்ளாமல் நகரின் கதையை விளங்கிக்கொள்வதற்கில்லை.

மத்தியகோட்டுக்கு வடக்கே ஏழு பாகைக்குச் சற்றுக் குறைந்த தூரத்தில், தீவின் மேற்குக் கரையில் அமைந்தது கொழும்பு. ஆண்டில் இரு பெருங்காற்றுகள் அதன்மீது வீசுகின்றன. மே மாதந் தொடக்கம் செப்டெம்பர் வரை வீசுவது தென்மேற்குப் பருவக்காற்று. யாழ்ப்பாணத்தவர் இதனைச் சோழகம் என்பர். மட்டக்களப்பில் இதுவே மலைகளிற் தன் ஈரத்தைக் கொட்டிவிட்டு வறண்டு சுடுங் காற்றாய் இறங்குவதால் அங்கு இதற்குக் கச்சான் என்று பெயர். டிசம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை வீசுவது வடகீழ்ப் பருவக்காற்று. நம்மவர் வாய்வழக்கில் வாடை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் பெருங்காற்று எதுவுமில்லை. அப்போது பகலிற் கடற்காற்றும் இரவில் நிலக்காற்றுமே மாறிமாறி நகரை ஆளும்.

சோழகம் பல்லாயிரம் மைல் வெறுங்கடலைத் தாண்டி வருகிறது. அது கொழும்புக்குக் கொண்டுவருவது உப்பையும் ஈரத்தையுமே. மழையைப் பெய்து வளியைக் கழுவுகிறது. எஞ்சிய புகையை வடகிழக்கு நோக்கி உள்நாட்டுக்குள் தள்ளிவிடுகிறது. வாடையின் இயல்பு வேறு. இந்தியப் பெருநிலத்தின் மேலும் வங்கக் கடலின் மேலும் வந்து, நமது தீவின் நிலத்தையும் மலையையுங் கடந்து மேற்குக் கரையை அடையும்போது அது தளர்ந்துபோகிறது. மழையும் குறைவு. இரவிலே நிலம் கடலைவிட விரைவிற் குளிர்வதால் உள்நாட்டிலிருந்து மெல்லிய நிலக்காற்றுக் கடலை நோக்கி நகர்ந்து, தொழிற்சாலைப் புகையையும் அடுப்புப் புகையையும் நகருக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது. விடியற்காலையிற் தரையையொட்டிய வளி குளிர்ந்து கனத்திருக்க, அதன் மேலே வெப்பமான வளி சட்டிக்கு மூடி வைத்தாற்போலப் படிந்துவிடுகிறது. சாதாரணமாக உயரே செல்லச் செல்ல வளி குளிரும்; இங்கோ நிலைமை தலைகீழாகிவிடுகிறது. கீழே எழும் புகை மூடியைத் தாண்டி எழமாட்டாது. வெயில் ஏறித் தரை சூடாகும் வரையில் இம்மூடி அகலுவதில்லை.

இந்த விடியற்காலை நேரந்தான் நமது பிள்ளைகள் பாடசாலைக்குப் போகும் நேரம். தொழிலாளர் பஸ்ஸேறும் நேரம். பஸ்களும் லொறிகளும் முச்சக்கர வண்டிகளும் ஒருங்கே வீதிக்கு வரும் நேரம். பிற்பகலிற் கடற்காற்று வீசி நகரைத் தூய்மையாக்கும்போது காலிமுகத்திடலில் உலாவ வருபவர், கொழும்பின் காற்றுக்கு என்ன குறை என்று கேட்பதில் வியப்பில்லை. டிசம்பர் மாதக் காலை ஏழு மணிக்குப் புறக்கோட்டையிற் பஸ்ஸுக்குக் காத்து நின்று கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியவர்களில் நாமும் ஒருவர் ஆதலால், அக்கேள்வியை நாம் கேட்பதில்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கொழும்பின் செல்வர் எங்கே வாழ்ந்தனர் என்று கேட்டால், இன்றைய இளைஞர் கறுவாத்தோட்டம் என்றே சொல்லுவர். அது தவறு. அக்காலத்தில் ஆங்கிலேய அதிகாரிகளும் உள்நாட்டுச் செல்வரும் விரும்பிய இடங்கள் நகரின் வடபால் அமைந்த முகத்துவாரமும் கொட்டாஞ்சேனையுமாம். களனி கங்கை கடலொடு கலக்குமிடத்தை அண்டிய மேட்டு நிலம், கடலைப் பார்த்த மாளிகைகள், மர நிழல். குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த அன்ஸ்ட்ரதரின் எலி மாளிகை முகத்துவாரத்திலேதான் இருந்தது. கறுவாத்தோட்டமோ அன்று உண்மையாகவே கறுவா வளர்ந்த தோட்டம்.

இந்நிலையை மாற்றியது துறைமுகம். 1869இற் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டது. நீராவிக் கப்பல்கள் பெருகின. அதுவரை கப்பல்கள் நாடிய காலியை விட்டுக் கொழும்பையே பெருந்துறையாக்க ஆட்சியாளர் முடிவுசெய்தனர். 1875இல் அலைதடுப்பணைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1885இல் வேலை முடிந்தது. அவ்வணையின் நோக்கமே சோழகக் காற்றெழுப்பும் அலைகளைத் தடுப்பது. அலைகள் அணையோடு நின்றன. காற்று நிற்கவில்லை. ஆண்டில் ஐந்து மாதம் தென்மேற்கிலிருந்து வீசும் அக்காற்றின் வழியிலே துறைமுகம் முன்னாலும் கொட்டாஞ்சேனையும் முகத்துவாரமும் பின்னாலும் அமைந்தன. நீராவிக் கப்பல்களின் புகையும், கரையிற் குவிந்த நிலக்கரியின் தூசியும் எங்கே சென்று படிந்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

நிலக்கரியைக் கப்பலில் ஏற்றியவர்கள் தொழிலாளர். அவர்களுட் பெருந்தொகையினர் தென்னிந்தியாவிலிருந்து வந்தோர். மூட்டையாகவும் கூடையாகவும் சுமந்து ஏற்றினர். கரி ஏற்றும் வேளையிற் கப்பல் முழுவதும் கருந்தூசி எழும். ஆகவே முதலாம் வகுப்புப் பயணிகள் கரைக்கு இறங்கி, கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டலிலோ காலிமுக ஹோட்டலிலோ பொழுதைக் கழித்துவிட்டு, கப்பல் கழுவப்பட்டபின் ஏறுவது வழக்கம். கரியைச் சுமந்தவர்களுக்கு அவ்வாறு இறங்கிப்போக இடமிருக்கவில்லை. அவர்கள் மாலையில் நடந்து சென்ற வீடுகளும் அதே காற்றின் வழியிலேயே இருந்தன.

செல்வர் தெற்கே நகர்ந்தனர். கொள்ளுப்பிட்டியிலும், வெட்டிப் பிரிக்கப்பட்ட கறுவாத்தோட்டத்திலும் புதிய மாளிகைகள் எழுந்தன. இடப்பெயர்ச்சிக்குக் கரித்தூசி மட்டுமே காரணமென்று நாம் வாதிடவில்லை. துறைமுகத்தின் இரைச்சல், நெரிசல், தெற்கே நிலம் மலிவாகக் கிடைத்தமை ஆகியனவும் சேர்ந்தன. ஆயின் விளைவு தெளிவானது. சோழகம் முதலில் வந்து தொடும் தென்மேற்குப் பகுதி பணமுடையோர்க்காயிற்று. துறைமுகத்தையும் புகையிரத வேலைத்தளங்களையுங் கடந்து சோழகம் சென்றடையும் கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், தெமட்டகொடைப் பகுதிகள் உழைப்போர்க்காயின. விட்டுச்சென்ற மாளிகை வளவுகளிலே வரிசை வரிசையாக ஓரறை வீடுகள் எழுந்தன. அவற்றுக்குத் 'தோட்டம்' என்றே பெயர் வழங்கிற்று. பூவும் மரமும் இல்லாத இடத்துக்கு அப்பெயர் எவ்வாறு நிலைத்ததென்பது சொல்லாராய்ச்சியாளர் சிந்திக்கவேண்டிய விடயம்.

1914இற் கொழும்பிலே கொள்ளைநோயான பிளேக் தோன்றியது. மறு ஆண்டில் வீடமைப்பு நகரத் திருத்தச் சட்டம் வந்தது. வீட்டின் பின்புறம் எவ்வளவு வெளி விடவேண்டும், எந்தக் கோணத்திற் சூரியவொளி உள்ளே விழவேண்டும் என்றெல்லாம் அச்சட்டம் நுணுக்கமாக விதித்தது. அறுபத்து மூன்றரைப் பாகை என்னும் கணக்கை நமது கட்டடக் கலைஞர் இன்றும் அறிவர். வீட்டுக்குள் காற்று வரவேண்டும் என்று சட்டம் சொல்லிற்று. வருங் காற்று எத்தகையது என்று கேட்கவில்லை. 1921இற் பற்றிக் கெடெஸ் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர் கொழும்பைக் கிழக்கின் பூங்கா நகராக்கும் திட்டமொன்றை வரைந்து கொடுத்தார். அவர் மனிதநேயர், சேரியை இடித்துத் தள்ளுவதே தீர்வு என்று கருதியவரல்லர். எனினும் பூங்காக்களும் மரநிழற் சாலைகளும் பெரும்பாலும் ஏற்கெனவே நிழலிருந்த தெற்கிலேயே தழைத்தன. இதற்கிடையில் 1920இலும் 1927இலும் துறைமுகத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தங்களை நடத்தினர். அவர்கள் கேட்டது கூலியை. வயிறு காய்ந்திருக்கும்போது மூச்சைப் பற்றி விண்ணப்பம் எழுதுவார் எவருமில்லை.

நிலக்கரிக் காலம் முடிந்ததும் நகரின் காற்று மீண்டிருக்கலாம். அதற்கு வாய்ப்பும் இருந்தது. இவ்விடயத்திற் சற்று நின்று பார்ப்பது தகும். இக்கதையில் மிகவும் மறக்கப்பட்ட பகுதி இதுவே.

1899ஆம் ஆண்டிலிருந்து கொழும்பில் மின்சார ட்றாம் வண்டிகள் ஓடின. கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸுக்கு ஒரு வழி. மருதானையூடாகப் பொரளைக்கு மற்றொரு வழி. இரண்டும் உழைக்கும் மக்கள் நெருங்கி வாழ்ந்த பகுதிகளினூடே சென்றன. 1944இல் மாநகரசபை அவற்றைத் தன் பொறுப்பில் எடுத்தது. 1953இல் மின்கம்பியில் ஓடும் ட்றொலி பஸ்கள் வந்தன. ஆரம்பத்தில் இந்நகரின் மின்சாரம் எரிபொருளைச் சுட்டுப் பெறப்பட்டதே; புகை வீதியில் இல்லாவிடினும் வேறோரிடத்தில் எழுந்தது. ஆனால் 1950இன் இறுதியில் லக்சபானா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. விமலசுரேந்திரா என்ற பொறியியலாளர் 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்து, ஆட்சியாளரின் அசட்டையால் முப்பதாண்டுகளுக்கு மேல் தடைப்பட்ட கனவு அது. மலையருவியின் வலிமையாற் கொழும்பு மக்கள் புகையின்றிப் பயணஞ் செய்யும் காலம் கைக்கெட்டியது. அவ்வேளையிலே 1960இல் ட்றாம் வண்டிகள் நிறுத்தப்பட்டன. 1964இல் ட்றொலி பஸ்களும் நிறுத்தப்பட்டன. அவ்விடத்தை டீசல் பஸ்கள் பிடித்தன. ட்றாம்கள் பழையன, மெதுவானவை, வீதியை அடைத்தன என்பதெல்லாம் உண்மையே. பஸ் சேவை 1958இல் நாட்டுடைமையானதை வரவேற்ற நமது முற்போக்காளரும், எந்த எரிபொருளில் அது ஓடவேண்டும் என்ற வினாவை எழுப்பவில்லை. அத்தவறில் நமது பங்கையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

1977க்குப் பின் கதவு திறந்துவிடப்பட்டது. பொதுப் போக்குவரத்து நலிய, இறக்குமதி வாகனங்கள் பெருகின. இருவீச்சு எந்திரம் பூட்டிய முச்சக்கர வண்டிகள் எண்ணெயும் பெற்றோலும் கலந்த நீலப்புகையைக் கக்கிக்கொண்டு ஒழுங்கைதோறும் புகுந்தன. அவற்றை ஓட்டியவர்மேற் பழி சொல்வது எளிது. வேறு தொழில் கிடையாத இளைஞர் கடன்பட்டு வாங்கிய வண்டிகள் அவை. எந்திரத்தைத் தெரிந்தெடுத்தவர் அவர்களல்லர்.

ஆயினும் அரசு விரும்பினாற் செய்யமுடியும் என்பதற்கும் இக்காலத்திலேயே சான்றுண்டு. 2002ஆம் ஆண்டு ஈயங் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. கொழும்புக் காற்றிலிருந்த ஈயம் மிகக் குறுகிய காலத்திலே வீழ்ந்தது. குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு அது. சோழகம் எத்தனையோ ஆண்டுகள் வீசியுந் தீராத அந்த நஞ்சை ஓர் அரசாணை தீர்த்தது. 2008இல் இருவீச்சு முச்சக்கர வண்டிகளின் இறக்குமதியுந் தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டிலேயே வாகனப் புகைப் பரிசோதனையும் தொடங்கிற்று.

வாகனங்களை மட்டும் சொல்லிக் குப்பையை விட்டுவிடுதல் நேர்மையாகாது. நகரமனைத்தும் கழித்த குப்பை கொட்டாஞ்சேனையை அடுத்த புளூமெண்டாலிலே மலையாகக் குவிந்தது. 2009இல் உயர்நீதிமன்றத் தலையீட்டால் அது மூடப்பட்டபோது, குப்பை கொலன்னாவையிலுள்ள மீதொட்டமுல்லைக்குச் சென்றது. அங்குள்ள மக்கள் நாற்றத்தையும் நோயையுங் காட்டி ஆண்டுக்கணக்கிற் போராடினர். 2017ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆந் திகதி, புத்தாண்டு நாளிலே, அம்மலை சரிந்து 32 பேரைக் கொன்றது. நகரின் படத்தை விரித்து இவ்விரண்டு இடங்களையும் குறித்துப் பாருங்கள். ஒன்று வடக்கே, மற்றொன்று கிழக்கே. சோழகம் வீசும் மாதங்களில் அவற்றின் நாற்றம் கறுவாத்தோட்டத்துப் பக்கம் திரும்பாது.

இனி, வெளியிலிருந்து வரும் புகையைப் பற்றிய வாதத்தை எடுப்போம். அது கட்டுக்கதையன்று என்று முன்னரே கூறினோம். 1999ஆம் ஆண்டு பெப்ரவரி, மார்ச் மாதங்களிற் பல நாட்டு விஞ்ஞானிகள் மாலைதீவைத் தளமாகக் கொண்டு இந்து சமுத்திர வளியை ஆராய்ந்தனர். தமிழகத்திற் பிறந்த இராமநாதன் அவ்வாய்வின் தலைவர்களுள் ஒருவர். வாடைக்காலத்திற் தென்னாசியாவின் மேலும் வட இந்து சமுத்திரத்தின் மேலும் சுமார் மூன்று கிலோமீற்றர் தடிப்பமான புகைப்படலம் விரிந்து கிடப்பதை அவர்கள் கண்டனர். 2002இல் ஐக்கிய நாடுகள் சபையின் சூழல் அமைப்பு இது பற்றி அறிக்கை வெளியிட்டபோது, 'ஆசியப் பழுப்பு முகில்' என்ற பெயர் பரவியது. இந்தியா மறுத்துரைத்தது, பின்னர் பெயரிலிருந்து ஆசியா நீக்கப்பட்டது. இரு நூற்றாண்டுகளாக நிலக்கரியை எரித்துச் செல்வம் திரட்டிய நாடுகள், ஏழையின் விறகடுப்பைச் சுட்டிக்காட்டிய காட்சி அது. எனினும் 2009இல் வெளியான ஓர் ஆய்வு, அப்படலத்தின் கரிமத் துகள்களில் ஏறத்தாழ மூன்றிலிரண்டு பங்கு விறகு, சாணம், வயற்கழிவு போன்றவற்றை எரிப்பதால் வருபவை என்று காட்டியது. தேசிய மானம் பார்த்து இவ்வுண்மையை நாம் மறைக்கவேண்டியதில்லை. அடுப்பின் முன்னிருந்து முதலில் அப்புகையை விழுங்குபவள் ஏழைப் பெண்ணே. அவளுக்கு வேறு எரிபொருள் கொடாதவர் யார் என்று கேட்பதே முறை. 2022இல் எரிவாயு கிடையாமற் போனபோது கொழும்புத் தோட்டங்களிலும் தொடர்மாடிகளிலும் விறகு மூட்டிய தாய்மார் அதனை நன்கறிவர்.

மேல்நாடு ஆசியாவைச் சுட்டுகிறது. கொழும்பு இந்தியாவைச் சுட்டுகிறது. கொழும்பின் புகை எங்கே செல்கிறதென்று கேட்பார் குறைவு. சோழகக் காலத்தில் அது களனி, பியகம வழியாக உள்நாட்டுக்குச் செல்கிறது. நுரைச்சோலையிலே 2011இல் இயங்கத் தொடங்கிய நிலக்கரி மின்நிலையத்தின் புகையும் சாம்பலும், காற்று எத்திசை வீசினாலும் யாரோ ஒரு கமக்காரனின் அல்லது மீனவனின் கூரைமேலேயே செல்கின்றன. கொழும்பின் குளிர்சாதனப் பெட்டிகள் அம்மின்சாரத்தில் இயங்குகின்றன.

சோழகம் நம் ஆட்சியாளருக்குப் பேருதவி செய்துவந்திருக்கிறது. ஆண்டில் ஐந்து மாதம் கூலியின்றி நகரைத் துப்புரவு செய்கிறது. அது வீசும் மாதங்களின் தூய்மை, வீசாத மாதங்களின் அழுக்கோடு கூட்டி வகுக்கப்பட, ஆண்டுச் சராசரி கண்ணைக் குத்தாத எண்ணாகிவிடுகிறது. 2008இல் வகுத்த நமது நியமத்தின்படி, இரண்டரை மைக்கிரோமீற்றருக்குட்பட்ட நுண்துகள் கனமீற்றருக்கு ஆண்டுச் சராசரியாக 25 மைக்கிரோகிராம் வரை இருக்கலாம். ஒரு நாளைக்கு 50. உலக சுகாதார நிறுவனம் 2021இல் விதந்துரைத்த அளவுகளோ முறையே 5உம் 15உம் ஆகும். சராசரியை எவரும் சுவாசிப்பதில்லை. ஈளைநோயுள்ள குழந்தை சுவாசிப்பது ஜனவரி மாதத்து ஒரு திங்கட்கிழமைக் காலையின் காற்றை.

அளக்கப்படும் இடமுங் கவனத்துக்குரியது. 1990களின் பிற்பகுதியில் நகரின் காற்றை இடையறாது அளப்பதற்கு நிலையங்கள் அமைந்தபோது, ஒன்று கோட்டைப் புகையிரத நிலையத்தருகே அமைந்தது. மற்றொன்று தெற்கே வளிமண்டலவியல் திணைக்கள வளவில் அமைந்தது. அண்மைய ஆண்டுகளிற் பத்திரிகைகள் எடுத்தாண்ட அளவீடுகளுட் பல, கொள்ளுப்பிட்டியிற் கடலோரத்திலுள்ள அமெரிக்கத் தூதரகத்தின் கருவி காட்டியவை. நம் பிள்ளைகள் எத்தகைய காற்றைச் சுவாசிக்கிறார்கள் என்பதை அயல்நாட்டுத் தூதரகமொன்றின் கூரையிலிருந்து நாம் அறிந்துகொண்டிருந்தோம். 2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், பணமில்லையென்று கூறி, உலகெங்குமுள்ள தூதரகங்களின் காற்று அளவீடுகளை வெளியிடுவதை அமெரிக்க அரசு நிறுத்திக்கொண்டது. கொழும்பில் அப்போது பெருங்காற்று இல்லை. காலை வேளைகளில் நிலக்காற்று மெல்ல வீசிக்கொண்டிருந்தது. மே மாதத்தில், வழக்கம்போல, சோழகம் தொடங்கிற்று.